மந்திரியார் கொடுத்ததும் கேட்டதும்

மந்திரியார் என்ற பெயரை அவருக்கு வைத்தவன் நான். கிண்டலுக்குத்தான் வைத்தேன். ஒஸ்லோவின் குரோருட்டில் எங்கள் மாடிக் குடியிருப்பின் நிர்வாகத் தலைவராக அவர் முதல்முறை தெரிவான அன்று, நிலவறைக் கூடத்தில் கோப்பி குடித்துக்கொண்டு நின்ற தமிழ்ச் சனத்துக்கு முன்னால், "மந்திரியார் வாறார், வழி விடுங்கோ" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "நல்ல பொருத்தமான பேர்" என்றார் ஓர் அம்மா. அடுத்த கிழமையே பிள்ளைகள் 'மந்திரி மாமா' என்றார்கள். நோர்வேக்காரக் கிழவிகளும் 'மந்திரி' என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். நான் எறிந்த கல்லை அவர் மாலையாகப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நானும் அவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே ஆண்டில் எஞ்சினியரிங் படித்தவர்கள். பரீட்சைப் புள்ளி எனக்குத்தான் கூட. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. யுத்தத்துக்குத் தப்பி, கிட்டத்தட்ட ஒரே காலத்தில்தான் இருவரும் ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தோம். நான் ஒரு கந்தோரில் தண்ணீர்க் குழாய்களுக்குக் கணக்குப் பார்த்தேன். அவர் ஓர் ஆஸ்பத்திரியின் இயந்திரப் பகுதியில் இருந்தார். உத்தியோகத்தில் ஏற்றத்தாழ்வு இல்லை. வீட்டில்தான் இருந்தது. அவர் எனக்கு நேர் மேல்மாடி. ஞாயிறு காலையில் தலைக்கு மேலே துளை போடும் சத்தம் கேட்டால், இன்றைக்கு என்னத்தைக் கண்டுபிடிக்கிறாரோ என்று எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும்.

ஆள் கட்டை. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் ஒரு சின்னத் திருப்புளி வைத்திருப்பார். குளிர்காலத்தில் காதை மூடும் தொப்பி போட்டால் ஒரு பக்க மடலை மட்டும் மேலே மடித்து விட்டிருப்பார். ஆராவது கதைத்தால் கேட்க வேண்டுமாம். அந்தக் காது எப்போதும் சிவந்து கிடக்கும். கேட்கிறவர் அப்படிக் கேட்டால் ஊமையும் கதைக்கும். சனம் தங்கள் முழங்கால் வலி, மருமகளின் கோபம், அடைபட்ட கழுவு தொட்டி எல்லாவற்றையும் அந்த ஒரு காதுக்குள் கொட்டிவிட்டுப் போகும்.

கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருந்தால் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. சில நாள் கழித்து ஏதோ ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு வருவார். பிள்ளைத் தள்ளுவண்டியை நிலவறைக்கு இறக்கத் தாய்மார் படுகிற பாட்டைப் பார்த்து, தண்ணீர்ப் பீலிக் குழாயை நெடுக்காகப் பிளந்து படியில் பதித்தார். சில்லு அதற்குள்ளால் வழுக்கிக்கொண்டு போகும். நடைபாதையில் பனி உறைந்து கிழவர்கள் விழுந்தபோது, பழைய தள்ளுவண்டி ஒன்றில் ஓட்டை போட்ட வாளியைக் கட்டினார். தள்ளிக்கொண்டு நடந்தால் சல்லிக்கல் தானாகத் தூவிக்கொண்டு போகும். மூன்றாம் மாடிப் பாகிஸ்தான்காரர் அதைத் தள்ளுவதற்கென்றே காலையில் எழும்புவார்.

இடியப்பம் பிழிந்து என் மனைவிக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதை அவள் எனக்கும் சொன்னாள். நான் வைத்தியரிடம் போகச் சொன்னேன். அவர் கார் தூக்கும் ஜாக்கி ஒன்றை மரச் சட்டத்துக்குள் தலைகீழாகப் பொருத்தி, அதன் கீழே இடியப்ப உரலை வைத்துக் கொண்டுவந்து எங்கள் குசினி மேசையில் பூட்டினார். பிடியைச் சுற்றினால் போதும். மா, நூல் நூலாக இறங்கியது. மனைவி கைதட்டினாள். எங்கள் கலியாண வீட்டில்கூட அவள் அப்படி முகம் மலர்ந்து நான் பார்க்கவில்லை.

"எப்பிடி அண்ணை உங்களுக்கு உது யோசினை வந்தது?" என்று கேட்டாள்.

"எனக்கெங்கை வந்தது? இது உங்கடை யோசினைதானே தங்கச்சி," என்றார். "கையாலை அமத்திறதாலைதான் நோகுது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். நான் ஜாக்கியைக் கொண்டுவந்தன், அவ்வளவுதான்."

இதுதான் அவருடைய வழக்கம். எதைச் செய்தாலும் அதை ஆராவது ஒருவர் தலையில் கட்டிவிட்டுப் போவார். படிப் பீலி, நிலத்தளத்து நோர்வேக்கார விதவையின் யோசனை. சல்லி வண்டி, பாகிஸ்தான்காரரின் யோசனை. அவர்களும் அதை நம்பினார்கள். அந்த விதவை வருகிற விருந்தாளியை எல்லாம் படிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன் பீலியைக் காட்டினாள். என் மனைவி தான் ஏதோ விஞ்ஞானி என்ற நினைப்பில் மூன்று வீட்டுக்கு ஜாக்கி பொருத்த ஆலோசனை சொன்னாள். அதேநேரம் அவை எல்லாம் உண்மையில் ஆருடையவை என்று சனத்துக்கு உள்ளூரத் தெரியும். அதனால் அவருக்கு மதிப்பு இரட்டிப்பானது. பெருமை பேசுகிறவன் என்றால் நாலு பேருக்கு முன்னால் மூக்கை உடைக்கலாம். தன் பெருமையைப் பிறருக்குப் பங்கு போடுகிறவனை என்ன செய்வது? பொறாமைப்படுகிறவனுக்குப் பிடித்துத் தொங்க ஒரு கொப்பாவது வேண்டாமா?

அரசியலிலும் இதே வேலைதான். ஒரு மார்கழி மாதம், ஒரே சனிக்கிழமைப் பின்னேரத்துக்கு நிலவறைக் கூடம் வேண்டுமென்று இரண்டு பகுதியார் நின்றார்கள். சைவக்காரருக்குப் பஜனை. வேதக்காரருக்கு யேசு பிறந்த நத்தார்ப் பாட்டுப் பயிற்சி. வாய் தடித்து, ஊரில் நாவாந்துறையில் எப்போதோ நடந்த சண்டை வரைக்கும் கதை போனது. மந்திரியார் முதலில் வேதக்காரர் வீட்டுக்குப் போனார். "அவையள் உங்களுக்கு விட்டுத்தரலாம் எண்டு கதைக்கினம் போலை கிடக்கு" என்றார். பிறகு சைவக்காரரிடம் போய் அதையே சொன்னார். இரண்டு பகுதிக்கும் வெட்கம் வந்துவிட்டது. நாங்களென்ன குறைந்தவர்களா என்று ஆளுக்காள் விட்டுக்கொடுத்தார்கள். அந்தச் சனிக்கிழமை கூடம் வெறுமையாகக் கிடந்தது. நான் எட்டிப் பார்த்தபோது மந்திரியார் தனியாக அங்கே இருந்து ஆருடையதோ பாண் வாட்டும் மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்லிச் சமாதானம் செய்தனீர்" என்றேன்.

"பொய் எப்பிடி ஐசே? நான் சொல்லேக்கை அது நடக்கேல்லை. இப்ப நடந்திட்டுது," என்றார். "நல்ல வெளிச்சம் இருக்கு. இரும். கோப்பி குடிப்பம்."

ஒருமுறை துணிந்து தலைவர் பதவிக்கு அவருக்கு எதிராக நின்றேன். பொதுக்கூட்டத்தில் என் பெயரை ஒருவர் முன்மொழிந்தார். வழிமொழிய ஆள் இல்லை. கூட்டம் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது மந்திரியாரே எழும்பி வழிமொழிந்தார். என்னைப் பற்றி அழகான நோர்வே மொழியில் பேசினார். என் புள்ளிகளைச் சொன்னார், என் நேர்மையைச் சொன்னார், தண்ணீர்க் குழாய் வெடித்தபோது நான் பதறாமல் நின்றதைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே என்மீது மதிப்பு வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். தன் எதிராளியைப் பற்றி இவ்வளவு நல்லதாகப் பேசுகிற மனுசன் எப்படிப்பட்டவன் என்று நினைத்து, அவருக்கே வாக்குப் போட்டார்கள்.

பிறகு அவர் எங்கள் பகுதிச் சபைக்கும் தெரிவானார். மந்திரி வேலை கொஞ்சம் உண்மையாகியது. குரோருட்டில் தெருவிளக்கு எரியாவிட்டாலும் பள்ளிக்கூடக் கூரை ஒழுகினாலும் அவரைத் தேடித்தான் போவார்கள். கீழே இருந்துகொண்டு அவர் துளை போடும் சத்தத்தைக் கேட்பதுதான் எனக்கு வேலை.

ஆனால் என்னிடமும் ஒன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமும் மற்றதுகளைச் சொன்னேன்.

எங்கள் ஆட்கள் கடைத் தூளில் கறி வைப்பதை மானக்கேடாக நினைத்த காலம் அது. ஆண்டுக்கொருமுறை வீட்டில் செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், மிளகு எல்லாம் வறுத்து இடிக்க வேண்டும். நோர்வே வீடுகளில் எல்லாக் குசினிப் புகைக்கும் ஒரே குழாய். ஒரு சனிக்கிழமை என் மனைவி மிளகாய் வறுத்தாள். முதல் மாடியில் இருமத் தொடங்கிய சனம் ஏழாம் மாடி வரைக்கும் இருமியது. நாலாம் மாடியில் இருந்த இளைப்பாறிய நோர்வேக்கார ஆசிரியை தீயணைப்புப் படைக்குத் தொலைபேசி அடித்துவிட்டார். முகமூடி போட்ட மூன்று பேர் எங்கள் குசினிக்குள் வந்து, தாச்சியும் அகப்பையுமாக நின்ற என் மனைவியைச் சுற்றி நின்றார்கள். நெருப்பு எங்கே என்று கேட்டார்கள். அவள் மிளகாயைக் காட்டினாள்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஆசிரியை ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கடும் புகை வரும் எதையும் வீட்டுக்குள் வறுக்கக் கூடாது. தமிழ்ப் பெண்கள் எல்லாரும் கூடத்துக்கு வந்திருந்தார்கள். சாதாரணமாகப் பொதுக்கூட்டத்துக்கு எட்டிப் பார்க்காதவர்கள். மந்திரியார் தலைமை வகித்ததால் ஒரு பக்கம் சாய்ந்து பேச முடியாது. வாயை மூடிக்கொண்டிருந்தார். எல்லாருடைய கண்ணும் அவர் மேல் இருந்தது. அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எனக்கு உள்ளுக்குள்ளே ஒரு குளிர்ச்சி.

அப்போதுதான் நான் எழும்பினேன்.

வசந்தம் வந்ததும் ஒரு பின்னேரம் குடியிருப்பில் எல்லாரும் வெளியே இறங்கி, குளிர்காலம் விட்டுப்போன சல்லியையும் குப்பையையும் கூட்டி அள்ளுவோம். டுக்னாட் என்பார்கள். கூலியில்லாத வேலைதான். வராமல் விட்டால் மின்தூக்கியில் முகம் பார்க்க மாட்டார்கள். வேலை முடிய முற்றத்துப் பெரிய இரும்பு அடுப்பில் கரி போட்டு சொசேஜ் சுட்டுத் தின்போம். "சாப்பிட்டு முடிந்த பிறகும் அந்த அடுப்பில் தணல் கிடக்கிறது," என்றேன். "அதில் நாங்கள் எல்லா வீட்டு மிளகாயையும் ஒன்றாக வறுத்துவிடுகிறோம். ஆண்டுக்கு ஒருநாள். வெளியில். காற்று வீதிப் பக்கம் அடிக்கும்போது."

பிறகு ஆசிரியை சிரித்தார். தீர்மானத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பெண்கள் கைதட்டினார்கள், என் மனைவி உட்பட. மந்திரியார் தன் சிவந்த காதைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்து, "நல்ல யோசினை ஐசே. உம்மடை யோசினை," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

அந்த வசந்தத்தில் முற்றத்தில் பெரிய தாச்சிகள் ஏறின. சூட்டில் சிவந்த முகத்தோடு எங்கள் பெண்கள் கிளறினார்கள். ஆசிரியை கழுத்துச் சால்வையால் மூக்கைக் கட்டிக்கொண்டு வந்து தானும் அகப்பையைப் பிடித்தார். ட்வெய்ட்டாப் பக்கத்துக் குடியிருப்புகளில் இருந்து தமிழர்கள் எனக்குத் தொலைபேசி எடுத்து, எப்படிச் செய்தீர்கள், எப்படிக் கேட்டீர்கள் என்று விசாரித்தார்கள். எனக்கு! கோயிலில் கண்டால், "மிளகாய்ப் பிரச்சினையைத் தீர்த்தவர் உவர்தான்" என்று அறிமுகம் செய்தார்கள். அதற்குப் பிறகு மேலே துளை போடும் சத்தம் கேட்டால் நான் புரண்டு படுத்து நித்திரை கொண்டேன்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு மந்திரியார் மகள் வீட்டுக்குக் கிட்ட இருக்க வேண்டுமென்று ஸ்ட்ரோம்மன் பக்கம் வீடு வாங்கிப் போனார். பிரியாவிடையில் பாதிச் சனம் அழுதது. என் மனைவி வீட்டுக்கு வந்தும் அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவர் போனால் என்ன? இஞ்சை ஒண்டும் நிக்காது. மிளகாய்ப் பிரச்சினையை ஆர் தீர்த்தது?" என்றேன்.

மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அதுகூட அண்ணை சொன்னதுதானே," என்றாள்.

"என்ன சொன்னவர்?"

"கூட்டத்துக்கு முதல் கிழமை உடுப்புத் தோய்க்கிற அறையிலை கண்டனான். டுக்னாட் அடுப்பிலை எவ்வளவு தணல் சும்மா போகுது தங்கச்சி எண்டு சொன்னவர். நான் அண்டைக்கே சாப்பிடேக்கை உங்களுக்குச் சொன்னனான். நீங்கள் செய்தி பாத்துக்கொண்டு ம் எண்டனீங்கள்."

எனக்கு அப்படி ஒரு ஞாபகமும் இல்லை. இல்லை என்று நூறு தரம் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் ம் என்று சொன்ன மாதிரியும் இருந்தது. அந்தச் சந்தேகம் என்னைத் தின்றது. மந்திரியார் போன பிறகு ஆள் இல்லாமல் என்னையே தலைவராக்கினார்கள். அந்தக் கதிரையில் இருந்தும் எனக்கு நிம்மதி இல்லை. அவருடைய பீலியில் தள்ளுவண்டி இறங்கியது. அவருடைய வாளியில் சல்லி தூவியது. அதெல்லாம் போகட்டும். தணல் என்னுடையதா? எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும்.

ஒரு சனிக்கிழமை ஸ்ட்ரோம்மன் கடைத் தொகுதிக்குப் போனபோது சப்பாத்துக் கடைக்கு முன்னால் கிடந்த நீள வாங்கில் அவர் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். திருப்புளி பையில் இருந்தது. என் மனைவியும் அவர் மனைவியும் கடைக்குள் போக, நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். ஊர்ப் புதினம், இடுப்பு வலி எல்லாம் கதைத்தோம். பிறகு நான் கேட்டேன்.

"ஐசே, ஒண்டு கேக்கிறன். மழுப்பாமல் சொல்லும். அந்த மிளகாய் வறுக்கிற யோசினை ஆரின்ரை?"

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். உம்மடை யோசினைதானே என்பார். என்றதும், அதைத்தானே எல்லாருக்கும் சொல்லுறனீர், உண்மையைச் சொல்லும் என்று பாய்வதற்கு ஆயத்தமாக இருந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது என்ரை," என்றார்.

நான் பாய வைத்திருந்த பேச்சு வீணாகப் போனது; அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொடர்ந்தார்.

"தங்கச்சியிட்டைச் சொன்னால் உம்மட்டை வரும் எண்டு தெரியும். தலைவர் நான் எழும்பிச் சொன்னால் அந்த வாத்தியார் மனுசி விட்டுக்குடுத்திருக்காது. நீர் சொன்னபடியால்தான் எடுபட்டது."

"இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் ஒண்டையும் உம்மடை எண்டு சொல்லேல்லை. இதை மட்டும் ஏன் சொல்லுறீர்?"

அவர் கடைக்குள்ளே சப்பாத்துப் போட்டுப் பார்க்கும் சனத்தைப் பார்த்தார். "குடுக்கேக்கை ஒண்டும் தெரியேல்லை ஐசே. வேலையிருந்தது, ஓடித் திரிஞ்சன். இப்ப வீட்டிலை சும்மா இருக்கிறன். யோசிச்சுப் பாத்தால் என்ரை எண்டு ஒண்டையும் காணேல்லை. போன மாதம் அந்த நிலத்தளத்து நோர்வே மனுசி வந்து, என்ரை பீலியைப் போலை இஞ்சையும் ஒண்டு போடன் எண்டு எனக்கே புத்தி சொல்லிப்போட்டுப் போகுது." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "ஒண்டாவது என்ரை எண்டு ஒராளுக்காவது தெரிஞ்சிருக்கட்டும். ஒருத்தரும் கேக்கேல்லை. நீர்தான் கேட்டனீர்."

"அப்ப இடியப்ப ஜாக்கியை எடும். சல்லி வண்டிலை எடும். எவ்வளவு கிடக்கு!" என் குரல் உயர்ந்துவிட்டது. வாங்கின் மற்றப் பக்கம் இருந்த நோர்வேக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அதுகள் சில்லறை வேலை," என்றார் மந்திரியார். "செய்ததிலை நல்லது இதுதான்."

பெண்கள் பைகளோடு வந்துவிட்டார்கள். அவர் எழும்பி, கைலேஞ்சியை மடித்து வைத்துக்கொண்டு, என் காதுக்குக் கிட்ட வந்தார். "ஒருத்தருக்கும் சொல்லாதையும். உமக்குத்தான் பேர் கெட்டுப்போம்."

பார்த்தீர்களா வேலையை? கடைசியிலும் எனக்கு நன்மை செய்கிற மாதிரித்தான் செய்தார். ஊருக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தவர் எனக்கு மட்டும் உண்மையைக் கொடுத்தார். அது பெரிய மரியாதை என்று விளங்குகிறது. விளங்கி என்ன? என்னையும் ஏமாற்றியிருக்கலாமே என்றுதான் இருந்தது. அந்த விதவையையும் பாகிஸ்தான்காரரையும் நினைக்க எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர்களுடையது அவர்களிடமே இருக்கிறது.

அவருக்கு அத்தனை இருந்தது. வீடு வீடாக, படி படியாக இருந்தது. என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதையே அவர் திருப்பிக் கேட்டார்.

அடுத்த வசந்தம் டுக்னாட் முடிந்து தாச்சிகள் ஏறின. சென்னையில் இருந்து கணினி வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு தம்பி, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு புகைக்குத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூப்பர் சார். எங்க வீட்ல மிளகாய் வறுத்தா மேல் வீட்ல கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்கன்னு பயந்துட்டு இருந்தோம். இது யாரோட ஐடியா சார்?"

மனைவி கிளறுவதை நிறுத்தினாள். அகப்பையோடு நிமிர்ந்து, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்தாள். ஸ்ட்ரோம்மனில் அந்த மனுசன் கண்ணாடியைத் துடைத்த விதம் எனக்கு நினைவு வந்தது. ஒராளுக்காவது என்றார். அந்த ஒராள் நான். எனக்குத் தெரியும். அது போதும் அவருக்கு.

"என்ரைதான் தம்பி," என்றேன்.